கல்வீச்சும் ஒரு அமைச்சரின் பேட்டியும்

1998 டிசம்பர் 2. ‘ஃபயர்’ ஓடிக்கொண்டிருந்த மும்பைத் திரையரங்குக்குள் சிவசேனாவினர் புகுந்து கண்ணாடிகளை உடைத்தார்கள், போஸ்டர்களைக் கொளுத்தினார்கள். மறுநாள் டெல்லி ரீகல் திரையரங்கிலும் அதே கதை. தணிக்கைக் குழு ஒரு வெட்டும் இல்லாமல் அனுமதித்து, மூன்று வாரமாக ஓடிய படம் அது. ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்ட ஓரகத்திகள் இருவர் ஒருவரையொருவர் நேசிப்பதுதான் கதை. ஷபானா ஆஸ்மியும் நந்திதா தாஸும் நடித்திருந்தார்கள். மகாராஷ்டிர முதல்வர் மனோகர் ஜோஷி, உடைத்தவர்களைப் பாராட்டிப் பேசினார்.

அன்று தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆவது சட்டப்பிரிவு முழு உயிரோடு இருந்தது. பேசினால் வம்பு என்று ஒதுங்கிக்கொள்ள எல்லோருக்கும் காரணம் இருந்தது. ஆனாலும் நடிகர் திலீப் குமார் ஒதுங்கவில்லை. படத்தின் இயக்குநர் தீபா மேத்தாவோடு சேர்ந்து, படத்துக்குப் பாதுகாப்புக் கேட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த மாதம்தான் அவருக்கு 76 வயது நிறைந்தது. சிவசேனாவினர் உள்ளாடையோடு நின்று அவர் வீட்டு முன் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். அவர் பின்வாங்கவில்லை. டெல்லியில் ரீகல் வாசலில் மெழுகுவத்தி ஏந்தி நின்ற கூட்டத்தில், ‘இந்தியர், லெஸ்பியன்’ என்று எழுதிய அட்டையை ஒரு பெண் தூக்கிப் பிடித்தார். படம் மறுபடி தணிக்கைக்குப் போய், 1999 பிப்ரவரியில் வெட்டில்லாமலே திரும்பி வந்தது.

அந்தப் படத்தில், கணவனுக்காக மனைவி பட்டினி கிடக்கும் கர்வா சௌத் விரதக் காட்சி ஒன்று உண்டு. 2021 அக்டோபரில் அதே விரதத்தை வைத்து டாபர் நிறுவனம் தன் ‘ஃபெம்’ பிளீச்சுக்கு விளம்பரம் எடுத்தது. ஒருத்தி இன்னொருத்தியின் முகத்தில் பிளீச் தடவுகிறாள். பெரியவர் ஒருவர் இருவருக்கும் புடவை கொடுக்கிறார். இரவில் சல்லடை வழியே நிலாவைப் பார்த்துவிட்டு, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். துணைக்காகப் பட்டினி கிடக்கும் சடங்கையும் முகப்பொலிவையும் சேர்த்து விற்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்தப் பெரியவர் புடவையை நீட்டுவது எத்தனையோ வீடுகளில் நடக்காத காரியம். அது திரையில் வந்ததே எனக்குப் பெரிது.

மத்தியப் பிரதேச உள்துறை அமைச்சர் நரோத்தம் மிஸ்ரா, விளம்பரத்தை எடுக்காவிட்டால் சட்ட நடவடிக்கை என்றார். டாபர் உடனே விளம்பரத்தை எடுத்துவிட்டு, நிபந்தனையின்றி மன்னிப்பும் கேட்டது. தன்பாலுறவு குற்றமல்ல என்ற உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 6 தீர்ப்புக்குப் பிறகு சட்டம் அந்த இரு பெண்களின் பக்கம்தான் இருந்தது. அந்தத் தீர்ப்பை வழங்கிய ஐவரில் ஒருவரான நீதிபதி சந்திரசூட், மக்களின் சகிப்பின்மையால்தான் விளம்பரத்தை எடுக்க வேண்டிவந்தது என்று அதே மாதம் வெளிப்படையாகச் சொன்னார். நீதிபதி சொன்னதைச் சொல்ல, கோடிகளில் புரளும் நிறுவனத்துக்கு வாய் வரவில்லை. அந்த மன்னிப்பு யாரிடம் கேட்கப்பட்டது என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

2023 மே மாதம் ஸ்டார்பக்ஸின் இந்திய விளம்பரம் வந்தது. முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருக்கும் அப்பா எழுந்து போய் காபி சொல்கிறார். கவுண்டரில் ‘அர்பிதா’ என்று கூப்பிடும்போதுதான், திருநங்கையான மகளின் புதுப்பெயரை அவர் கொடுத்திருப்பது தெரிகிறது. அதற்கும் புறக்கணிப்புக் கூச்சல் கிளம்பியது.

அதே ஆண்டு நவம்பரில், 72 வயது மம்மூட்டி ‘காதல்: தி கோர்’ படத்தில் தன்பாலீர்ப்பை மறைத்து வாழ்ந்த கணவனாக நடித்தார். மனைவியாக ஜோதிகா. தயாரித்ததும் மம்மூட்டியின் நிறுவனமே. வளைகுடா வசூல் மலையாளப் படங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று அவருக்குத் தெரியாதா? குவைத்திலும் கத்தாரிலும் தடை விழுந்தது. கேரளத் திரையரங்குகளில் குடும்பம் குடும்பமாகப் பார்த்தார்கள். அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான மாநில விருதும் அதற்கே போனது.