வெள்ளியில் எழுதிய பெயர்கள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

வங்கி இல்லாத ஊரில் சேமிப்பை எங்கே வைப்பது? 17-ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் குடியேறிய ஆங்கிலேயர் முன் நின்ற கேள்வி இது. அவர்களுள் வசதி படைத்தோர் கண்ட விடை எளிமையானது. கைக்கு வந்த வெள்ளி நாணயங்களைத் தட்டாரிடம் கொடுத்துக் கிண்ணமாகவும் கரண்டியாகவும் குவளையாகவும் செய்து வைத்துக்கொண்டனர். நாணயம் திருட்டுப் போனால் ‘இது என்னுடையது’ என்று அடையாளம் காட்ட இயலாது. எழுத்துப் பொறித்த கிண்ணத்தைக் காட்ட இயலும். களவு போன வெள்ளிப் பொருள்களின் அடையாளங்களை விவரித்து பிற்காலச் செய்தித்தாள்களில் விளம்பரம் செய்வதும் வழக்கமாயிற்று.

அந்தக் குடியேற்றங்களில் அன்று வெள்ளிச் சுரங்கம் இல்லை. மேற்கிந்தியத் தீவுகளோடு நடந்த வாணிகத்தால் வந்த ஸ்பானிய நாணயங்களே மூலப்பொருள். அவற்றுள் விளிம்பு வெட்டப்பட்டு எடை குறைந்தவை பல. ஆகவே 1652-இல் மாசச்சூசெட்ஸ் குடியேற்றம் பாஸ்டன் நகரில் ஒரு நாணயச்சாலையை ஏற்படுத்தி, ஜான் ஹல் என்னும் வெள்ளித் தட்டாரிடம் ஒப்படைத்தது. ராபர்ட் சாண்டர்சன் அவருடைய கூட்டாளி. 1659-இல் ஹல்லிடம் தொழில் கற்கச் சேர்ந்த ஜெரமையா டம்மர், அம்மண்ணில் பிறந்து அங்கேயே தொழில் கற்ற முதல் வெள்ளித் தட்டார் என்று போற்றப்படுகிறார்.

பட்டறையில் நடந்த வேலையை இனிக் காண்போம். வெள்ளியைக் கரி உலையில் மூசையிலிட்டு உருக்குவர். 962 பாகை செல்சியசில் உருகும் உலோகம் அது. தூய வெள்ளி மிகவும் மென்மையானது; ஆதலால் செம்பு கலப்பர். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்பது இங்கிலாந்தின் ‘ஸ்டெர்லிங்’ மாற்று. வார்த்த கட்டியைச் சுத்தியலால் அடித்துத் தகடாக்கி, அத்தகட்டைப் பட்டடைமேல் சிறிது சிறிதாகத் தட்டிக் குழிவாக உயர்த்துவர். அடிக்க அடிக்க வெள்ளி இறுகும். மேலும் அடித்தால் விரிசல் காணும். அப்போது நெருப்பில் காய்ச்சினால் உலோகத்தின் படிகங்கள் மீண்டும் சீரடைந்து வளைந்து கொடுக்கும். ஒரு கிண்ணம் உருவாவதற்குள் இது பன்முறை நிகழும். இக்கலையைக் கற்க ஒரு சிறுவன் ஏறத்தாழ ஏழாண்டுகள் ஆசானின் வீட்டிலேயே தங்க வேண்டும். பொதுவாக 21 வயதில்தான் விடுதலை. என் வயதுடைய இளைஞன் அங்கே கடைசி ஆண்டுப் பயிற்சியில் இருந்திருப்பான்!

லண்டனில் வெள்ளியைச் சோதித்து முத்திரையிடத் தட்டார்களின் சங்கம் இருந்தது. பாஸ்டனில் அத்தகைய அமைப்பு இல்லை. பொருளின்மீது தட்டார் பொறித்த தம் பெயர் முத்திரை ஒன்றே உறுதிமொழி. அவர் பெயர் கெட்டால் தொழிலும் கெட்டது.

வாங்கியவர்களின் எழுத்துகளும் அதில் உண்டு. மூன்று எழுத்துகளை முக்கோணமாகப் பொறிப்பர். மேலே குடும்பப் பெயரின் முதலெழுத்து. கீழே இடப்புறம் கணவர் பெயரினது, வலப்புறம் மனைவி பெயரினது. பாட்டி வழியாகப் பேத்திக்குச் சென்ற கரண்டி, குடும்ப வரலாற்றின் ஓர் ஏடாகவும் விளங்கியது.

நாட்டு வரலாறும் வெள்ளியில் ஏறிற்று. பிரிட்டிஷ் வரிகளை எதிர்த்து விடுத்த சுற்றறிக்கையைத் திரும்பப் பெற மறுத்த 92 மாசச்சூசெட்ஸ் சட்டமன்ற உறுப்பினர்களைச் சிறப்பிக்க, 1768-இல் பால் ரெவியர் ஒரு கிண்ணம் செய்தார். செய்யச் சொன்ன 15 பேரின் பெயர்களும் அதில் உள்ளன. 1949-இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அதனை வாங்கியபோது, பள்ளிச் சிறுவர்களும் தம் சிறுகாசுகளை அளித்தனர்.

ஆனால் எஞ்சியவை சிலவே. புதிய பாணி வந்தால் பழைய குவளையை உருக்கினர். வறுமை வந்தாலும் உருக்கினர். தப்பியவற்றுள் பல, தேவாலயங்களுக்குக் கொடையாகச் சென்றவை.

இதைப் படித்தபோது என் வீட்டை நினைத்துக்கொண்டேன். நான் இக்கல்லூரியில் சேர்ந்த வாரத்தில் என் தாயாரின் கொலுசு தராசில் ஏறியது. அது என் பாட்டி அணிந்தது. அதில் எழுத்து ஏதும் இல்லை. எங்கள் வீட்டில் அன்று எழுத்து அறிந்தவர் யாரும் இல்லை. இந்நேரம் அது வேறொரு வீட்டில் வேறொரு பொருளாகியிருக்கும்.

அருங்காட்சியகத்தில் ஒளிர்பவை, உருக்க வேண்டிய நிலை வராத வீடுகளின் வெள்ளி. உருகிய வெள்ளிக்கும் வரலாறு உண்டு. அதை எழுத வேண்டியவர்கள், அதனால் படிக்க வந்த நாம்தாம்.