எடை தூக்குவோர் எல்லாம் விளையாட்டு வீரரா?

உத்திரமேரூர் வட்டாரத்தில் அறுவடைக் காலம் வந்துவிட்டால், நெல் மூட்டைகளைத் தோளில் சுமந்து செல்வோரைக் காணலாம். அவர்களிடம் உடற்பயிற்சி செய்யுமாறு நாங்கள் கூறினால், "நாள் முழுதும் மூட்டை தூக்குகிறோமே, இதற்கு மேல் என்ன பயிற்சி?" என்று கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கத்தை எடுத்துக்கொள்வோம். 2014ஆம் ஆண்டு கிளாஸ்கோவிலும், 2018ஆம் ஆண்டு கோல்டு கோஸ்டிலும் நடைபெற்ற காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர் அவர். கோல்டு கோஸ்டில் ஸ்னாட்ச் முறையில் 144 கிலோ, கிளீன் அண்ட் ஜெர்க் முறையில் 173 கிலோ, ஆக மொத்தம் 317 கிலோ தூக்கினார். அதற்கு முன் தேசியப் போட்டியொன்றில் தொடைத் தசையில் காயமுற்று, சிகிச்சையும் ஓய்வும் பெற்று மீண்டு வந்தே அதைச் சாதித்தார்.

மூட்டை சுமப்பவருக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு வலிமையில் மட்டும் இல்லை. வீரர் எடையை அளந்து, சிறிது சிறிதாகக் கூட்டுகிறார், தூக்கும் முறையைக் கற்கிறார், தசைக்கு ஓய்வளிக்கிறார். சுமை தூக்குபவருக்கோ எடையை மூட்டையும், ஓய்வை வேலையும் தீர்மானிக்கின்றன. ஆகவே எடை தூக்குவதால் மட்டும் ஒருவர் விளையாட்டு வீரர் ஆகிவிடுவதில்லை. ஆனால் வீரரின் அந்த ஒழுங்கு நோயாளிக்கும் தேவை.

படுக்கையில் நெடுநாள் இருந்தாலும், வயது ஏறினாலும் தசை மெலிகிறது. நாற்காலியிலிருந்து தானே எழுவதும், இரவில் விழாமல் கழிவறைக்குச் செல்வதும் கால் தசையின் வலிமையைப் பொறுத்தவை. தசையை வலுவாக்கும் பயிற்சியை வாரத்தில் 2 நாட்களேனும் செய்யுமாறு உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கும் இது நன்மை தரும்.

சுவரை ஒட்டி வைத்த உறுதியான நாற்காலியில் அமர்ந்து, மெதுவாக எழுந்து, மெதுவாக அமருங்கள். முதலில் 5 முறை போதும். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் உயரும். கைகளுக்கு, அரை லிட்டர் தண்ணீர் நிரம்பிய பாட்டிலே அரைக் கிலோ எடையாகும். நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்தி, மருத்துவ உதவி பெறுங்கள். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், இதய நோய், குடலிறக்கம் உள்ளவர்களும், இன்சுலின் போடுபவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும்.

உடனிருந்து கவனிப்போரே, நோயாளியைத் தூக்கும் நீங்களும் எடை தூக்குபவர்களே. முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். நோயாளியை உடலோடு அணைத்துப் பிடியுங்கள். கையைப் பற்றி இழுக்காதீர்கள். தனியாக முடியாதெனில் இன்னொருவரை அழையுங்கள். அவரால் இயன்ற அளவு அவரையே எழ விடுங்கள். நேற்று இருவர் தாங்க எழுந்தவர் இன்று ஒருவர் கை பிடித்து எழுந்தால், எங்களுக்கு அதுவும் ஒரு பதக்கமே.