அடிபடவே பிறந்த விமானம்

சுட்டு வீழ்த்துவதற்கென்றே செய்யப்படும் பறக்கும் இயந்திரம் இலக்கு டிரோன். எப்படியும் நொறுங்கப் போகிற பொருளுக்கு ஏன் இவ்வளவு செலவு என்று கேட்பவர்கள், நம் பேராக்கின் லுமுட் கடற்படைத் தளத்தை மனத்தில் வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மலேசியாவின் லெக்கியு வகைப் போர்க்கப்பல்கள், எதிரி ஏவுகணையை நடுவானில் தடுக்கும் சீவுல்ஃப் ஏவுகணைகளோடு கட்டப்பட்டவை. கப்பலின் ரேடார் 20 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏவுகணை கடலை ஒட்டி 5 மீட்டர் உயரத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பூமியின் வளைவு மறைப்பதால், சுமார் 27 கிலோமீட்டர் நெருங்கிய பிறகே அது கண்ணில் படும். ஒலியைவிடக் குறைந்த வேகத்தில் வந்தால் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் கிடைக்கும். ஒலியைப் போல இரண்டரை மடங்கு வேகத்தில் வந்தால் அரை நிமிடம்தான்; அந்த வேகத்தில் லகாட்டிலிருந்து ஈப்போவுக்குப் பத்துப் பன்னிரண்டு வினாடி. மெதுவான டிரோனை வைத்துப் பயிற்சி எடுத்தவர்கள் இந்த அரை நிமிடத்துக்குத் தேறிவிட்டதாகச் சொல்ல முடியாது.

ஆனால் ஒலியை மிஞ்சும் வேகத்தில் பறக்கும் இலக்கைச் செய்வது லேசான வேலையல்ல. அமெரிக்கக் கடற்படை முதலில் பழைய டாலோஸ் ஏவுகணைகளையே மாற்றி 'வேண்டல்' என்ற பெயரில் பறக்கவிட்டது. கையிருப்பு தீரும்வரைதான் அந்த வழி. மார்ட்டின் மாரியெட்டா நிறுவனம் புதிதாக உருவாக்கிய 'ஸ்லாட்' சோதனைகளில் சறுக்கி, 1991-இல் கைவிடப்பட்டது. அடுத்து ரஷ்யாவின் கேஎச்-31 ஏவுகணையை வாங்கி இலக்காக்கினார்கள். இன்னொரு நாட்டுச் சரக்கை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? 2000-இல் ஒப்பந்தம் பெற்ற ஆர்பிட்டல் சயன்சஸ், 'கயோட்டி'யில் நடுவழியைப் பிடித்தது. தொடக்க உந்துதலுக்குக் கடற்படையிடம் ஏற்கெனவே இருந்த ராக்கெட் பூஸ்டர். புதுமை முழுவதும் அதன் முன்னால் பொருத்திய ராம்ஜெட்டில். அதில் திட எரிபொருள் போதிய ஆக்சிஜன் இல்லாமல் அரைகுறையாக எரிந்து வாயுவாகும். பக்கவாட்டு நுழைவாய்கள் வழியே பாய்ந்து வரும் காற்றோடு கலந்து அந்த வாயு மீண்டும் எரியும். சுழலும் விசிறியும் இல்லை, எரிபொருள் பம்பும் இல்லை. ஆனால் பூஸ்டர் முதலில் வேகம் ஏற்றிக் கொடுக்காவிட்டால் அது இயங்காது. எதைப் பழையதாக வைத்துக்கொள்வது, எதில் புதுமை செய்வது என்ற இந்தத் தேர்வுதான் கயோட்டியைக் காப்பாற்றியது என்பது என் கணிப்பு. 2012-இல் பிரான்சின் ஃபோர்பின் கப்பல் ஆஸ்டர் ஏவுகணையால் ஒரு கயோட்டியை வீழ்த்திக் காட்டியது.

கணினியிலேயே இதையெல்லாம் ஒத்திகை பார்க்கலாமே என்பார்கள். பார்க்கலாம்தான். ஆனால் கடலை ஒட்டிப் பறக்கும் பொருளின் ரேடார் எதிரொலி நீர்ப்பரப்பிலும் பட்டுத் திரும்பிப் போலிப் பிம்பம் காட்டும். அலை மாறினால் அதுவும் மாறும். நாம் ஊட்டாததைக் கணினி காட்டாது. ஆபத்து என்ற ஆட்சேபம்தான் கனமானது. 2013-இல் கலிபோர்னியாவுக்கு அப்பால் கட்டுப்பாடு தவறிய ஓர் இலக்கு டிரோன், சான்சலர்ஸ்வில் கப்பல்மீதே மோதி இருவரைக் காயப்படுத்தியது. அது ஒலிவேகத்தைக்கூட எட்டாத ரகம். ஆகவே உடையப் போகிற பொருள்தான் உடையும்வரை சொன்னபடி கேட்க வேண்டும். மலிவாகச் செய்ய முடியாததற்கு அதுவே காரணம்.

இந்தியா இதில் பாதி வழி வந்திருக்கிறது. பெங்களூரின் விமான மேம்பாட்டு நிறுவனம் வடிவமைத்த 'லக்ஷயா' பாராசூட்டில் இறங்கி மறுபடி பறக்கும். 'அப்யாஸ்' ஒருமுறைப் பயன்பாட்டுக்கானது. அப்யாஸின் மூக்கில் இருக்கும் லூனபெர்க் வில்லை, வந்த ரேடார் அலையை வந்த திசைக்கே திருப்பி, சின்ன டிரோனைப் பெரிய விமானமாகக் காட்டும். 2024 ஜூனில் ஒடிசாவின் சண்டிப்பூரில் அதன் ஆறு மேம்பாட்டுச் சோதனைகள் அடுத்தடுத்து வெற்றி பெற்றன. இரண்டுமே ஒலியைவிட மெதுவானவை. மறுபக்கம், கயோட்டியின் இயந்திர வகையைச் சேர்ந்த திட எரிபொருள் ராம்ஜெட்டை இந்தியாவின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ 2018 முதல் பறக்கவிட்டுச் சோதிக்கிறது. ஆனால் அது விமானத்தை விமானம் தாக்கும் ஏவுகணைக்காக.