இது கப்போட விலையா, டப்பாவோட விலையா? விருத்தாசலம் சொல்லித் தர்ற பணப் பாடம்

முதல் சம்பளம் வந்த மாசம் நான் செஞ்ச ஒரு காரியத்தைச் சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன். சிரிக்காதீங்க. வேற ஏதாவது ஒரு பொருள்ல நீங்களும் இதையே செஞ்சிருப்பீங்க.

ஆன்லைன்ல நாலு காபி கப் வாங்கினேன். விலை 2,400 ரூபாய். கையில காசு இல்ல, அதனால கிரெடிட் கார்டுல மூணு மாச இஎம்ஐ. பழுப்பு நிற அட்டை டப்பா, சணல் கயிறு, உள்ளே வைக்கோல். கூடவே ஒரு சின்ன கார்டுல, மண்ணும் நெருப்பும் சந்திச்ச கதை. கப்பைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே டப்பாவைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சாச்சு.

இதுல கொடுமை என்னன்னா, அப்போ நான் வேலை பார்த்ததே ஒரு விளம்பர ஏஜென்சியில. அந்த மாதிரி கார்டு எழுதுறதுதான் என் தொழில்!

அந்த வாரம் ஊர்ல இருந்து பெரியப்பா வந்திருந்தார். விருத்தாசலத்துல பீங்கான் பட்டறையில வருஷக்கணக்கா வேலை பார்த்தவர். கப்பை வாங்கித் தலைகீழா கவுத்தார். அடி விளிம்பை விரலால தடவினார். நகத்தால ஒரு சுண்டு சுண்டினார், 'ணங்'னு சத்தம். "நல்லா வெந்திருக்கு, விரிசல் இல்ல" என்றார். விலையைச் சொன்னேன். கப்பையும் டப்பாவையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"இது கப்போட வெலையா, டப்பாவோட வெலையாப்பா?"

ஏஜென்சியில எனக்கு யாரும் சொல்லித் தராத பாடம் அந்தக் கேள்வியிலதான் இருந்துச்சு.

பேரே இல்லாத பொருள்

கடலூர் மாவட்டத்துல இருக்கிற விருத்தாசலத்தைப் பழமலைநாதர் கோயிலுக்காகவோ, ரயில்வே ஜங்ஷனுக்காகவோ உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அது ஒரு பீங்கான் ஊரும்தான். பக்கத்துல நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேல இருக்கிற மண் அடுக்குகள்ல வெள்ளைக் களிமண் கிடைக்குது. விருத்தாசலத்துல செராமிக் தொழிற்பேட்டை இருக்கு, செராமிக் படிப்புக்குன்னே அரசு தொழில்நுட்பக் கல்வி நிலையமும் இருக்கு.

உள்ளே கூடு விட்ட பீங்கான் பொம்மையை எப்படிச் செய்றாங்க தெரியுமா? களிமண்ணைத் தண்ணியில கரைச்சு, கூழ் மாதிரி ஆக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள்ள ஊத்துவாங்க. அச்சு தண்ணியை உறிஞ்சும், சுவரை ஒட்டி மண் படியும். மிச்சக் கூழைக் கவுத்துட்டா, உள்ளே வெற்றிடமா பொம்மை ரெடி. அப்புறம் காயவச்சு, பளபளப்புப் பூச்சு பூசி, சூளையில சுடுவாங்க. கப்போட அடி விளிம்புல மட்டும் பூச்சு இருக்காது. இருந்தா உருகி சூளைத் தட்டோட ஒட்டிக்கும். பெரியப்பா தடவிப் பார்த்தது அந்த இடத்தைத்தான்.

இப்போ உங்க பழைய வீட்டு மீட்டர் பலகையை ஞாபகப்படுத்திப் பாருங்க. வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை இருந்துச்சா? மின்சாரம் கடத்தாது, சூடு தாங்கும். வருஷக்கணக்கா குடும்பத்தையே காப்பாத்தின பொருள். விருத்தாசலம் பட்டறைகள்ல செஞ்ச முக்கியமான சரக்குகள்ல அதுவும் ஒண்ணு. ஆனா அதோட பிராண்ட் என்ன? உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. புது வீடுகள்ல எம்சிபி வந்ததும் கழட்டிப் போட்டுட்டோம்.

ஃபியூஸ் கட்டையும் பீங்கான், என் காபி கப்பும் பீங்கான். ஒண்ணுக்குக் கதை இல்ல, இன்னொண்ணுக்குக் கதை உண்டு. விலை வித்தியாசத்துல பெரும்பங்கு அந்தக் கதைதான்.

கல்லை வித்த விளம்பரக்காரர்

கதையை மட்டுமே வித்தா எவ்வளவு தூரம் போகலாம்? 1975-ல அமெரிக்காவுல கேரி டால்னு ஒரு விளம்பர எழுத்தாளர். நாய், பூனை வளர்க்கிற தொல்லையைப் பத்தி நண்பர்கள் புலம்பினப்போ, "என் செல்லப்பிராணி ஒரு கல்லு, அதுக்குச் சாப்பாடே வேணாம்"னு விளையாட்டா சொன்னார். அதையே வியாபாரமா ஆக்கினார். பேரு 'பெட் ராக்'. மெக்சிகோ கடற்கரையில இருந்து வந்த சாதாரணக் கூழாங்கல். காத்து போக ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, உள்ளே வைக்கோல் மெத்தை, வளர்ப்பு முறையைச் சொல்ற சின்ன கையேடு. 'உட்கார்'னு சொன்னா கல்லு உட்காரும், அந்த மாதிரி நக்கல்.

விலை 3.95 டாலர். சில மாசத்துல பத்து லட்சத்துக்கு மேல வித்துச்சு. அவருக்குக் கல்லுக்கு ஆன செலவு ரொம்பக் கம்மி, பெட்டிக்குத்தான் செலவு அதிகம். பெரியப்பா கேள்விக்கு நேரடி பதில்: அது முழுக்க டப்பாவோட விலை! அடுத்த வருஷமே மோகம் அடங்கிடுச்சு. வாங்கினவங்க கையில மிஞ்சினது ஒரு கல்லு.

பாக்கெட்டைச் சின்னதாக்கின கடலூர்க்காரர்

கடலூர் மாவட்டத்துலயே இன்னொரு வகை மூளையும் வேலை செஞ்சது. சின்னி கிருஷ்ணன்னு ஒருத்தர், பொருள்களைச் சின்னச் சின்ன சாஷேல அடைச்சு வித்தா சாதாரண மக்களும் வாங்குவாங்கன்னு நம்பினார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல 15,000 ரூபாயோட தனியா தொழில் ஆரம்பிச்சு, அப்பா பேர்ல இருந்தே 'சிக்'னு ஷாம்புக்குப் பேர் வச்சார். இன்னிக்கு நமக்குத் தெரிஞ்ச கெவின்கேர் அப்படி வந்ததுதான்.

அவர் பண்ண மார்க்கெட்டிங் குசும்பைப் பாருங்க. எந்த பிராண்டா இருந்தாலும் அஞ்சு காலி சாஷே கொண்டு வந்தா, ஒரு சிக் சாஷே இலவசம். மக்கள் பழகினதும், சிக் காலி சாஷேக்கு மட்டும்தான்னு மாத்தினார். 1999-ல 50 பைசாவுக்கே சாஷே வந்துச்சு.

பெட் ராக்கும் கிறுக்குத்தனமான ஐடியா, இதுவும் கிறுக்குத்தனமான ஐடியா. ஆனா ஒரு வித்தியாசம். சாஷே ஒரு நிஜப் பிரச்சினையைத் தீர்த்துச்சு: முழு பாட்டிலுக்குக் காசு இல்லாதவங்க அன்னிக்குத் தேவையானதை அன்னிக்கு வாங்கினாங்க. குளிச்சதும் பொருளும் முடிஞ்சது, கடனும் இல்ல.

உங்க போன் ஒரு போலி சாஷே

இப்போ நம்ம விஷயத்துக்கு வருவோம். "ஒரு நாளைக்கு வெறும் 66 ரூபாய்!" இந்த மாதிரி விளம்பரம் பார்த்திருப்பீங்க. ஷாம்பு சாஷே தந்திரம்தான் இது. ஆனா இங்கே சின்னதானது பொருள் இல்ல, விலை மட்டும்தான். 66-ஐ 365-ஆல பெருக்குங்க: 24,090. ரெண்டு வருஷத்துக்கு 48,180. நீங்க வாங்குறது 66 ரூபாய் பொருள் இல்ல, 48,180 ரூபாய் பொருள்.

'நோ காஸ்ட் இஎம்ஐ'யும் இப்படித்தான். வட்டியைத் தள்ளுபடியா கழிச்சுக் காட்டுவாங்க. ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி உங்க கார்டு பில்லுல வரும். பல இடத்துல பிராசஸிங் ஃபீயும் உண்டு. பூஜ்யம் சதவீத வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு.

வாங்குறதுக்கு முன்னாடி கவுத்துப் பாருங்க

அன்னிலேர்ந்து நான் எதை வாங்கினாலும் விலையை மூணா பிரிப்பேன்.

1. மண்: பொருளா என் கைக்கு வர்றது என்ன? லோகோவையும் டப்பாவையும் எடுத்துட்டா இதுக்கு எவ்வளவு கொடுப்பேன்?

2. வேலை: இது எனக்கு எந்தப் பிரச்சினையைத் தீர்க்குது? வாரத்துல எத்தனை நாள் கையில எடுப்பேன்?

3. கதை: மிச்சம் இருக்கிறது எல்லாம் இதுதான். ஸ்டேட்டஸ், அன்பாக்ஸிங், 'என்கிட்ட இருக்கு'ங்கிற சந்தோஷம்.

கதைக்குக் காசு கொடுக்கவே கூடாதுன்னு சொல்ல மாட்டேன். வாழ்க்கையில கொஞ்சம் கதையும் வேணும். ஆனா ரெண்டு விதி வச்சுக்கோங்க. கதைக்குன்னு மாசம் ஒரு தொகை ஒதுக்குங்க, அதுக்கு மேல போகாதீங்க. கதையை ஒருநாளும் இஎம்ஐ-ல வாங்காதீங்க. மாசம் 2,000 ரூபாய் கதைச் செலவைக் குறைச்சு எஸ்ஐபி-ல போட்டா, வருஷத்துக்கு சராசரி 10% கிடைக்கும்னு வச்சுக்கிட்டா, 10 வருஷத்துல 2.4 லட்சம் போட்டது சுமார் 4.1 லட்சமா நிக்கும். சந்தை இதுக்கு கேரண்டி கொடுக்காது. ஆனா கல்லு பெட்டிக்குள்ள வளராதுங்கிறது மட்டும் கேரண்டி.

உங்க கதையை நீங்க எழுதியிருக்கீங்களா?

ஒரு விஷயம் பாக்கி. கதை இல்லாததால ஃபியூஸ் கட்டைக்கு என்ன ஆச்சுன்னு பார்த்தோம் இல்ல? ஆபீஸ்ல நம்மள்ல பல பேர் அந்த ஃபியூஸ் கட்டை மாதிரிதான். வருஷம் முழுக்க சூடு தாங்குவோம், அப்ரைசல் அன்னிக்கு நம்ம பேரு யாருக்கும் ஞாபகம் வராது. மாசக் கடைசியில பத்து நிமிஷம் ஒதுக்கி, இந்த மாசம் என்ன பிரச்சினையைத் தீர்த்தேன், அதனால எவ்வளவு நேரமோ பணமோ மிச்சமாச்சுன்னு மூணு வரி எழுதி வைங்க. அது பொய்க்கதை இல்ல. நல்லா வெந்த கப்புக்கு ஒரு நல்ல டப்பா, அவ்வளவுதான். மத்தவங்க கதைக்குப் பணம் கட்டுற நாம, நம்ம உண்மையைச் சொல்ல மட்டும் ஏன் கூச்சப்படணும்?

என் இஎம்ஐ மூணு மாசத்துல முடிஞ்சது. அந்த நாலு கப்புல ஒண்ணு இன்னும் என் டேபிள்ல இருக்கு, இதை எழுதும்போதும் அதுலதான் காபி. டப்பாவை மட்டும் எப்போ தூக்கிப் போட்டேன்னு எனக்கே ஞாபகம் இல்ல.