குளிர்சாதன அறையிலும் களைப்பு உண்டு
வங்கியில் வேலை செய்யும் பிள்ளைகளின் மன அழுத்தம்: பெற்றோருக்கான விளக்கம்

உங்கள் மகனோ மகளோ வங்கியில் வேலை செய்கிறாரா? மாலையில் வீடு திரும்பியதும் யாரிடமும் பேசாமல் அறைக்குள் போய்விடுகிறாரா? "ஏர்கோன்ல உட்கார்ந்து செய்ற வேலைக்கு என்ன களைப்பு? நாங்க விடியுமுன்னே பால்மரம் வெட்டப் போனோம்" என்று உங்களுக்குத் தோன்றலாம். ரப்பர் தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் உழைத்த கோப்பெங் வட்டாரக் குடும்பங்களில் இப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால், அந்த ஒரு சொல் பிள்ளையின் வாயை அடைத்துவிடக்கூடும்.

வங்கி வேலை எப்படி மாறியது?

நீங்கள் சேமிப்புப் புத்தகத்துடன் வரிசையில் நின்ற காலத்தில், பணம் வாங்குவதும் கொடுப்பதும் கணக்கு எழுதுவதுமே முகப்பு ஊழியரின் முக்கிய வேலை. 1981-இல் நாட்டின் முதல் ஏடிஎம் வந்தது. 1997 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, உள்நாட்டு வங்கிகள் 10 குழுமங்களாக இணைக்கப்பட்டன. இன்று பெரும்பாலான பணப் பரிமாற்றம் கைப்பேசியிலேயே முடிந்துவிடுகிறது.

இதனால் வேலை குறையவில்லை; வேறு வகையாக மாறியது. புகார்களைத் தீர்ப்பதும், காப்புறுதி, கடன் அட்டை, முதலீடு போன்றவற்றை விற்பதும் பலரின் அன்றாடப் பணியாகிவிட்டன. இதற்கு 'டார்கெட்' எனப்படும் மாத இலக்கும் உண்டு. மோசடிகளைத் தடுக்கும் பொறுப்பும் சேர்ந்துள்ளது. "ஐயா, இந்தப் பணத்தை யாருக்கு அனுப்புகிறீர்கள்?" என்று கேட்கும் ஊழியர் உங்கள் சேமிப்பைக் காக்கவே கேட்கிறார். அதற்காகத் திட்டு வாங்குபவரும் அவரே.

தலைமுறைகளுக்கு இடையே என்ன வேறுபாடு?

2013 ஜூலை 1 முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. ஆகவே ஒரே கிளையில் 23 வயதுக்காரரும் 58 வயதுக்காரரும் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்திருக்கலாம்.

• மூத்த ஊழியருக்கு நிலையான சம்பளம், சேமநிதி, பல ஆண்டுப் பழக்கமுள்ள வாடிக்கையாளர் ஆகியவை மனநிறைவு தரலாம். புதிய கணினி முறைகளும் கிளை மூடப்படுமோ என்ற பயமும் அவரை வாட்டலாம்.
• இளையவருக்குச் சம்பளத்துடன் பாராட்டு, முன்னேற்றம், தனக்கென்று நேரம் ஆகியவையும் வேண்டியிருக்கலாம். இலக்கு, வீட்டுக் கடன், வேலை முடிந்த பிறகும் வரும் வாட்ஸ்அப் தகவல்கள் ஆகியவை அவரை அழுத்தலாம்.

இதைப் பிறந்த ஆண்டை வைத்து மட்டும் முடிவு செய்யக்கூடாது. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, ஊழியர்களைத் தலைமுறை வாரியாகப் பிரித்துப் பார்ப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது. வயது, குடும்பப் பொறுப்பு, வேலைச் சூழல் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

பளுவும் பிடியும்

வேலைப்பளு அதிகமாகவும், வேலையின் மீது நமக்குள்ள பிடி குறைவாகவும் இருக்கும்போது மன அழுத்தம் கூடுகிறது என்று ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979-இல் விளக்கினார். தோட்ட வேலை கடினமானது. மழை பெய்தால் அன்றைய வருமானமும் போகும். ஆனால் பாலை நிறுத்துக் கொடுத்ததும் அன்றைய கணக்கு முடிந்தது. வங்கியில் இலக்கை எட்டினாலும் அடுத்த மாதம் முதல் தேதியில் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். எந்தக் கஷ்டம் பெரியது என்பதல்ல கேள்வி. இரண்டும் வேறு வேறு.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• தூக்கமின்மை, அடிக்கடி தலைவலி, வயிற்று வலி
• சிறு விஷயத்துக்கும் எரிச்சல், அல்லது நீண்ட மௌனம்
• ஞாயிறு மாலையானால் பதற்றம்
• வேலையில் வெறுப்பு, "என்னால் எதுவும் முடியாது" என்ற பேச்சு

இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அலட்சியம் வேண்டாம். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்வோருக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்வோரைவிடப் பக்கவாத அபாயம் 35% அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் 2021-இல் தெரிவித்தன.

நீங்கள் செய்யக்கூடியவை

• வீட்டுக்கு வந்ததும் கேள்வி கேட்காமல், முதலில் ஒரு தேநீர் கொடுங்கள். பேச்சு தானாக வரும்.
• "இன்னிக்கு எது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். குறுக்கிடாமல் கேட்டால் போதும். தீர்வு சொல்ல வேண்டியதில்லை.
• "பேங்க் வேலையை விட்டுடாதே, ஊர் என்ன சொல்லும்?" என்பதைத் தவிருங்கள்.
• உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். ஒப்பிடுவதற்காக அல்ல, துணையாக.

உதவி எங்கே கிடைக்கும்?

கோப்பெங் சுகாதாரக் கிளினிக்கில் மருத்துவரைப் பார்க்கலாம். மனநலப் பரிசோதனை என்பது சில கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான். "கிளினிக்குக்குப் போனால் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்கள்" என்ற பயம் வேண்டாம். பெரும்பாலோருக்கு ஆலோசனையும் தொடர் கவனிப்பும் கிளினிக்கிலேயே கிடைக்கும்.

தொலைபேசியில் பேச விரும்பினால், சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. "வாழப் பிடிக்கவில்லை" என்று பிள்ளை சொன்னால், அதை வெறும் பேச்சாக எண்ணாதீர்கள். அவரைத் தனியே விடாமல், உடனே 999-ஐ அழையுங்கள். அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.