பெற்ற பிள்ளையை எங்கே கையளிப்பது?

பெற்ற பிள்ளையைக் கைவிட்டால் என்ன தண்டனை என்பதை இலங்கைச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 308ஆம் பிரிவின்படி, 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் கைவிடும் எண்ணத்தோடு எங்காவது விட்டுச் செல்லும் தாய் தகப்பனுக்கு 7 ஆண்டு வரை சிறை. வளர்க்கவே வழியில்லாத ஒருத்தி பிள்ளையை எங்கே ஒப்படைக்கலாம், ஒப்படைத்தால் அவள்மேல் வழக்கு வராதா என்ற கேள்விக்குத்தான் அங்கே பதில் இல்லை.

2023 மார்ச்சில் கொழும்பு கோட்டையில் புகையிரத மலசலகூடம் ஒன்றில் பச்சிளம் சிசு கண்டெடுக்கப்பட்டது. பெயர் சொல்லாமல் சிசுவை விட்டுச் செல்ல வைத்தியசாலைகளில் குழந்தைப் பெட்டி வைக்க வேண்டும் என்ற பேச்சு அதன்பின் பலமாக அடிபட்டது.

தமிழ்நாட்டில் இது பழைய சங்கதி. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் ஜெயலலிதா அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளைகள் பிழைத்தது உண்மை. பெண் பிள்ளை வேண்டாம் என்பவர்களுக்கு அரசே வழிகாட்டுகிறது என்ற கண்டனம் எழுந்ததும் உண்மை. இந்தியாவின் 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டம் ஒரு படி மேலே போனது. குழந்தைகள் நலக் குழு முன் பிள்ளையை ஒப்படைக்கும் பெற்றோர் மனம் மாறித் திரும்பக் கேட்க இரண்டு மாத அவகாசம் உண்டு.

அமெரிக்காவில், ஒழுங்காக ஒப்படைக்கும் பெற்றோர்மேல் வழக்கு வராது என்ற சட்டத்தை 1999இல் டெக்சாஸ் தொடங்கிவைக்க, எல்லா மாநிலங்களும் பின்பற்றின. கடைசியாக வந்த நெப்ராஸ்கா, 2008இல் சட்டம் எழுதும்போது வயதெல்லை போடாமல் விட்டுவிட்டது. சில மாதங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வைத்தியசாலை வாசல்களில் விடப்பட்டார்கள். பலர் பதின்ம வயதினர். ஒரு தகப்பன் ஒரே நாளில் ஒன்பது பேரை விட்டுச் சென்றார். பதறிப்போன மாநிலம் அதே ஆண்டு நவம்பரில் 30 நாள் என்று எல்லை வைத்தது. சிசுக்களுக்காகத் திறந்த கதவு, உதவி கிடைக்காத குடும்பங்கள் எத்தனை என்பதையும் காட்டிக்கொடுத்தது.

இனி நம் ஊரான பூநகரிக்கு வருவோம். இங்கே அப்படியொரு சட்டம் இல்லையென்றாலும் வழி அடியோடு இல்லை என்றில்லை. வைத்தியசாலையில் பிள்ளை பெற்று, வளர்க்க முடியாது என்று வாய்விட்டுச் சொன்னால், நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்துக்கு அறிவிப்பார்கள். நீதிமன்றக் கட்டளையோடு பிள்ளை பராமரிப்புக்குப் போகும். 1941ஆம் ஆண்டின் மகவேற்புக் கட்டளைச் சட்டப்படி வேறொரு குடும்பத்துக்கும் போகலாம்.

அந்த வாய்தான் திறப்பதில்லை. கர்ப்பவதிப் பதிவில் கணவன் பெயர் எழுதும் இடத்திலேயே பலருக்கு நா ஒட்டிக்கொள்கிறது. முழங்காவிலில் விடியப்புறம் நடந்தது பொழுதுபடுமுன் நாச்சிக்குடாவுக்குத் தெரிந்துவிடும் ஊர் இது. தாய்க்குப் பதினாறு வயது ஆகவில்லையென்றால் பொலிசாரும் வருவார்கள். அது அவளைக் கெடுத்தவனைப் பிடிக்க என்பதை அவளுக்கு யார் எடுத்துச் சொல்வது? ஆகவே பெட்டி வாங்கி வைப்பதால் மட்டும் காரியம் ஆகாது. பெயர் வெளியே வராது, ஒழுங்காக ஒப்படைத்தவள்மேல் வழக்கு இல்லை என்று சட்டம் எழுத்தில் உறுதி தர வேண்டும். ஜெர்மனி 2014 முதல் இரகசியப் பிரசவத்தையே சட்டமாக்கியிருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. தெரிந்தவர் மூலம் பிள்ளையில்லாத வீட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்று தரகர்களை நம்பக் கூடாது. 1980களில் இலங்கைக் குழந்தைகள் பொய்ப் பத்திரங்களோடு ஐரோப்பாவுக்கு விற்கப்பட்டதை 2017இல் அப்போதைய சுகாதார அமைச்சரே ஒப்புக்கொண்டார். அப்படிப் போனவர்கள் பெற்ற தாயைத் தேடி இன்றும் இங்கே வருகிறார்கள்.

உங்கள் அயலில் இப்படியொரு பெண் இருந்தால், கதை பரப்பாமல், குடும்பநல உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ பிரசவத்துக்கு முன்னரே கூட்டிப் போங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929, பெண்கள் உதவி இலக்கம் 1938.