ஒன்பது சதுர மீட்டரில் ஒரு முதலாளி

பெரிய கம்பெனிகளின் அரங்குகளுக்கு நடுவே ஒரு சின்ன ஸ்டால். போட்ட காசை அது எப்படித் திருப்பித் தரும்?

கோவை அவிநாசி சாலை கொடிசியா வளாகத்தில் இன்டெக் கண்காட்சி நடக்கும் நாள்களில் ஹாலுக்குள் ஒரு சுற்று வந்து பாருங்கள். நடுவில் பெரிய மெஷின் கம்பெனிகள்: உயர்ந்த மேடை, எல்இடி திரை, வருகிறவர்களுக்குக் காபி. ஓரத்து வரிசைகளில் 3 மீட்டருக்கு 3 மீட்டர் வெள்ளைத் தடுப்புகள். அவற்றில் பலவற்றிலும் ஒரே காட்சிதான். வாசலுக்குக் குறுக்கே மேஜை, அதன்மேல் கேட்லாக் கட்டு, ஒரு தட்டில் சாக்லேட், பின்னால் நாற்காலியில் செல்போனுக்குள் குனிந்த ஒரு தலை.

கொடிசியா என்பதே 1969-ல் தொடங்கிய கோவை மாவட்டச் சிறுதொழில்கள் சங்கத்தின் சுருக்கப் பெயர். சிறுதொழில்காரர்கள் கட்டிய வளாகத்தில் சிறுதொழில்காரரே விருந்தாளி மாதிரி ஒடுங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் சங்கடமாகத்தான் இருக்கும். ஏனென்றால், நடுவில் இருக்கும் அந்தப் பெரிய அரங்கில் இல்லாத ஒன்று இந்தச் சின்ன ஸ்டாலில் இருக்கிறது. முதலாளி!

பெரிய அரங்கில் சீருடை போட்ட விற்பனைப் பிரதிநிதியிடம் விலையிலோ டெலிவரி தேதியிலோ ஒரு சலுகை கேட்டால், “ஹெட் ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன் சார்” என்பார். கோவையின் கணபதிப் பகுதியில் இரண்டு சிஎன்சி மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறவர் அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. டிராயிங்கைப் பார்த்த மாத்திரத்தில் “இந்த இடத்துல 20 மைக்ரான் டாலரன்ஸ் கேட்டிருக்கீங்க, அவ்வளவு தேவையா? கொஞ்சம் தளர்த்தினா விலை குறையும்” என்று அவரால் சொல்ல முடியும். இரவு ஷிப்டில் அந்த மெஷினை ஓட்டிய கை அது. சின்ன ஸ்டாலின் ஏற்பாடு எல்லாமே இந்த மனிதரையும் சரியான வாடிக்கையாளரையும் பத்து நிமிடம் நேருக்கு நேர் நிற்க வைப்பதற்காகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு சீட்டு 2,000 ரூபாய்

முதலில் கணக்கு. வாடகை ஊருக்கு ஊர், கண்காட்சிக்குக் கண்காட்சி மாறும். உதாரணத்துக்கு சதுர மீட்டர் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 9 சதுர மீட்டருக்கு 81,000. அதன்மேல் 18 சதவிகித ஜிஎஸ்டி 14,580. பேனர், வண்டி வாடகை, சாம்பிள் பீஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து 1,60,000-ல் வந்து நிற்கிறது என்றால், நான்கு நாளில் உருப்படியான 80 பேரிடம் பேசினால் ஒரு பேச்சின் விலை 2,000 ரூபாய். சட்டைப் பையில் கசங்கிக் கிடக்கும் ஒவ்வொரு விசிட்டிங் கார்டும் 2,000 ரூபாய் நோட்டு. 2023-ல் அந்த நோட்டுக்கு வந்ததுபோல இதற்கும் கெடு உண்டு. சொல்லப்போனால், இதன் கெடு இரண்டு வாரம்கூட இல்லை.

செலவைக் குறைக்கவும் வழி இருக்கிறது. ஜிஎஸ்டி பதிவு இருந்தால் ஸ்டால் பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம். உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனங்களுக்கு மத்திய சிறுதொழில் அமைச்சகத்தின் கொள்முதல், சந்தை ஆதரவுத் திட்டத்தில் ஸ்டால் வாடகை திரும்பக் கிடைக்கிறது. பொதுப் பிரிவினருக்கு 80 சதவிகிதம். பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர், பெண் தொழில்முனைவோர் ஆகியோருக்கு 100 சதவிகிதம். உச்சவரம்பும் நிபந்தனைகளும் உண்டு. ஆகவே ஸ்டால் புக் செய்வதற்கு முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. கண்காட்சி முடிந்தபின் பில்லைத் தூக்கிக்கொண்டு அலைவதில் பலனில்லை.

இடம் பிடிப்பது

நுழைவாயிலுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் யோகம் என்று பலரும் நினைக்கிறார்கள். உள்ளே வருகிறவர் அந்த இடத்தில் இன்னும் நடையைத் தளர்த்தியிருக்க மாட்டார். கண் தூரத்துப் பெரிய அரங்கில் இருக்கும். உங்கள் தொழிலோடு உறவுள்ள பெரிய கம்பெனிக்கு எதிரே இடம் கேளுங்கள். பம்ப் ஷாஃப்ட் செய்கிறவருக்கு பம்ப் கம்பெனி அரங்கின் எதிர்வரிசைதான் ராசியான இடம். அங்கே வருகிற கூட்டம் ஏற்கெனவே வடிகட்டிய கூட்டம். கேன்டீன் பக்கமும் நிறையப் பேர் நடப்பார்கள், ஆனால் கையில் தட்டு இருக்கும்.

கார்னர் ஸ்டாலுக்குக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். இரண்டு பக்கம் திறந்திருக்கும் என்பது லாபம். மூன்று சுவரில் ஒன்று போய், 9 மீட்டர் நீளச் சுவர் 6 மீட்டராகிவிடும் என்பது நஷ்டம். பணம் கட்டுவதற்கு முன் ஹால் வரைபடத்தில் தூண் எங்கே, தீயணைப்புப் பெட்டி எங்கே என்று விரல் வைத்துப் பார்த்துவிட வேண்டும். மெஷினை ஓட்டிக் காட்டப்போகிறீர்கள் என்றால் த்ரீ பேஸ் இணைப்புக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துப் பணம் கட்ட வேண்டும். ஸ்டாலோடு வருவது பெரும்பாலும் ஒரு பிளக் பாயின்ட், மூன்று ஸ்பாட்லைட், ஒரு மேஜை, இரண்டு நாற்காலிதான்.

மூன்று விநாடி

நிதானமாக நடக்கிற ஒருவர் 3 மீட்டர் முகப்பைக் கடக்க மூன்று நான்கு விநாடி போதும். அதற்குள் ‘இது எனக்கான கடை’ என்று அவருக்குத் தோன்ற வேண்டும். மேலே நெற்றிப் பலகையில் அமைப்பாளர்கள் உங்கள் கம்பெனிப் பெயரை ஒட்டித் தருவார்கள். கோவையில் குலசாமி பெயரோடு ‘இன்ஜினியரிங்’ சேர்த்த கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. அந்தப் பெயர் உங்கள் தெருவில் செல்லும்; ஹாலில் யாருக்கும் எதுவும் சொல்லாது. பின்சுவரில், கண் மட்டத்துக்கு மேலே, பத்தடி தூரத்திலிருந்து படிக்கிற எழுத்தில் ஒரே வரி போதும்: ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஷாஃப்ட், 10 முதல் 80 மி.மீ. வரை, 50 பீஸ் என்றாலும் செய்து தருவோம்’. இடுப்புக்குக் கீழே எழுதுவது எல்லாம் நிற்பவர்களின் கால்களுக்குப் பின்னால் மறைந்துவிடும்.

குறுக்கே கிடக்கும் மேஜையை முதல் வேலையாகப் பக்கச் சுவரோரம் தள்ளுங்கள். அது பெஞ்ச் கோர்ட் அல்ல, கடை வாசல். மேஜைமேல் ராடாக வந்த பீஸ் ஒன்று, அதையே மெஷின் செய்து முடித்த பீஸ் ஒன்று, பக்கத்தில் ஒரு மைக்ரோமீட்டர். தொழில் தெரிந்தவர் கை தானாக மைக்ரோமீட்டரை எடுக்கும். எடுத்துவிட்டால் அவர் உங்கள் ஆள். வழவழப்பான ஸ்டீலில் மேல் விளக்கு பட்டுக் கண் கூசும் என்பதால், மேஜையோரம் ஒரு சின்ன எல்இடி பட்டை வைத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. ஜாப் ஒர்க் செய்கிறவர்கள் பெருமைக்காக வாடிக்கையாளரின் பாகங்களையே அடுக்கி வைப்பதுண்டு. டிராயிங் அவர்களுடையது, பீஸும் அவர்களுடையது. அனுமதி வாங்காமல் வைத்தால் இருக்கிற ஆர்டருக்கே ஆபத்து. அதைப் பார்க்கிற புதியவருக்கும், ‘நாளைக்கு நம் பீஸையும் இப்படித்தான் ஊருக்குக் காட்டுவார்’ என்று தோன்றும். உங்கள் திறமை முழுக்கத் தெரிகிற மாதிரி சொந்தமாக ஒரு சாம்பிள் பீஸ் செய்து வையுங்கள்.

‘என்னங்க வேணும்?’

நின்று பார்க்கிறவரிடம் “என்னங்க வேணும்?” என்று கேட்டால், “சும்மா பார்க்கறனுங்க” என்று பதில் வரும். பேச்சு அங்கேயே முடிந்தது. “வாங்கண்ணா, நீங்க என்ன பொருள் பண்றீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் தன் தொழிலைச் சொல்லத் தொடங்குவார். “இப்ப ஷாஃப்ட் எங்க வாங்கறீங்க? டைமுக்கு வருதுங்களா?” அடுத்த கேள்வி இது. டைமுக்கு வராத கதை எல்லாரிடமும் ஒன்றாவது இருக்கும். அந்தக் கதையைக் கேட்கத்தான் இவ்வளவு வாடகை கொடுத்தீர்கள். நடுவில் புகுந்து உங்கள் பெருமையைப் பேசாமல் இருப்பதுதான் கடினம்.

கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து கேட்லாக் அள்ளுவார்கள். விரட்ட வேண்டாம். ஐந்து வருடத்தில் அவர்களில் ஒருவர் எங்காவது கொள்முதல் பிரிவில் உட்கார்ந்திருப்பார். ஒற்றைத் தாள் நோட்டீஸ் அவர்களுக்குப் போதும். நல்ல கேட்லாக்கை மேஜைக்கு அடியில் வைத்து, கேட்டுப் பேசியவருக்கு மட்டும் கொடுங்கள்.

ஸ்டாலுக்கு இரண்டு பேராவது வேண்டும். ஒருவர் சாப்பிடப் போனால் ஒருவர் நிற்கலாம். டிபன் பாக்ஸை ஸ்டாலுக்குள் திறக்கக் கூடாது. சாப்பிடுகிறவரைத் தொந்தரவு செய்ய நம் ஊரில் யாருக்கும் மனம் வராது.

வந்தவர் நகர்ந்ததும், அடுத்தவர் வருவதற்குள், எழுத வேண்டும். கார்டின் பின்புறத்தில் மூன்றே விஷயம்: என்ன கேட்டார், எத்தனை பீஸ், நாம் என்ன செய்வதாகச் சொன்னோம். மாலையில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் முகமும் பெயரும் மாறிப்போகும்.

முன்னும் பின்னும்

வழியில் போகிறவர்களை மட்டும் நம்பி ஸ்டால் போடுவது பாதி வேலை. இரண்டு வாரத்துக்கு முன்பே ஐம்பது பேரைப் போனில் அழையுங்கள்: இப்போதைய வாடிக்கையாளர்கள், கொட்டேஷன் வாங்கிக்கொண்டு மௌனமானவர்கள், கேட்டைத் தாண்டி உள்ளே விடாத கம்பெனிகளின் கொள்முதல் அதிகாரிகள். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி மறித்த அதே அதிகாரி, கண்காட்சியில் தானாக நடந்து உங்கள் வாசலுக்கு வருவார். ஹால் எண்ணும் ஸ்டால் எண்ணும் அவர் வாட்ஸ்அப்பில் இருந்தால் போதும்.

கடைசி நாள் மூன்று மணிக்கே பேனரைச் சுருட்டுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. நான்கு நாளும் சுற்றிப் பார்த்து, மூன்று பேரிடம் விலை கேட்டு, முடிவுக்கு வந்தவர் திரும்பி வருவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அவர் வரும்போது உங்கள் ஸ்டாலில் காலி அட்டைப்பெட்டி நிற்கக் கூடாது.

வீடு திரும்பியதும் பட்டறையில் நான்கு நாள் வேலை தேங்கிக் கிடக்கும். டூல் உடைந்திருக்கும், டெஸ்பாட்ச் தவறியிருக்கும். கார்டுகள் அப்படியே டிராயருக்குள் போகிற இடம் இதுதான். மறுநாள் காலை மெஷினை ஆன் செய்வதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி, மூன்று கட்டாகப் பிரியுங்கள்: இந்த வாரமே கொட்டேஷன் கேட்டவர்கள், பிறகு பார்க்கலாம் என்றவர்கள், மற்றவர்கள். முதல் கட்டை முதலாளியே அழைக்க வேண்டும். “அண்ணா, ஸ்டால்ல மைக்ரோமீட்டர் வச்சு அளந்து பார்த்தீங்களே, அந்த ஷாஃப்ட்காரன் பேசறேன்” என்று தொடங்கினால் எதிர்முனையில் முகம் ஞாபகம் வந்துவிடும்.

பெரிய கம்பெனியிலிருந்து அவருக்கு அதே வாரம் ஒரு மின்னஞ்சல் வந்திருக்கும். அழகான மின்னஞ்சல்தான். அதை அனுப்பியவர் அவரைப் பார்த்ததே இல்லை.